உள்ளூர்ப் பல்கலைக்கழகம்

மின்னசோட்டாவில் விண்ணப்பித்த இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களிலும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இடம் கிடைத்துவிட்டது. இன்று முடிவு சொல்லியாக வேண்டும்.

"தலைநகருக்கே போகலாம்மா. பெரிய லேப், பெரிய பேரு," என்றாள் ஆனிகா.

"உள்ளூர்லயே இருக்கறப்ப ஹாஸ்டல் எதுக்குடி?" என்றாள் அம்மா மார்லிஸ்.

"உள்ளூர் மட்டும் வேண்டாம்!"

"ஏன், அம்மா கூட இருக்கறது கூச்சமா?"

"ஆமா!"

அதற்குள் மார்லிஸ் கணினியில் உள்ளூருக்கே சம்மதம் கொடுத்துவிட்டாள். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கை சந்தோஷத்தில் மேசையைத் தட்டியது.

பேராசிரியை ஆனிகா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அங்க முதல் வருஷ புரோகிராமிங் நான்தான்மா எடுக்கறேன்! உனக்கு நான் எப்படி மார்க் போடுவேன்?"

"மார்க்கை விடு. நீ பாடம் நடத்தற அழகைப் பார்க்கத்தான்டி வர்றேன். முதல் வரிசையிலதான் உக்காருவேன்!"