பச்சைப் பட்டை

மனநல வார்டில் வேலைக்கு இறங்குமுன் ஒவ்வொரு நர்சின் மனத்தையும் குழுத்தலைவி கேட்டுத் தீர வேண்டும். வார்டில் எல்லோர் மணிக்கட்டிலும் கட்டியிருக்கும் பட்டை வேதனையில் சிவக்கும். தன்னைப் புரிந்துகொண்டார்கள் என்று மனம் நம்பியதும் பச்சையாகும். சிவந்த கையோடு நோயாளியைத் தொடக் கூடாது.

அன்று விடிந்தபோது இசக்கிராஜ் என்ற இளம் நோயாளி வார்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டிருந்தான். குழுத்தலைவி சண்முகவடிவு தன் நர்சுகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அழவிட்டு, அவர்கள் சொன்னதை அவர்களுக்கே திருப்பிச் சொல்லிப் பக்குவமாக ஆற்றினாள். மதியத்துக்குள் எல்லாக் கைகளும் பச்சை. டீ குடிக்கும்போது யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். தலைவியின் மனத்தைக் கேட்கத்தான் விதியில் ஆள் இல்லை. அவள் தன் சிவந்த கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

இசக்கிராஜின் துணிகளை வாங்கிப்போக வந்த அவன் தாய் பேச்சியம்மாளுக்கு அந்தப் பட்டைகளைப் பற்றித் தெரியும். சுற்றிலும் பார்த்தாள்; எல்லாம் பச்சை.

"எம்புள்ளைக்காக இங்க ஒருத்தருக்கும் வலிக்கலையா தாயி?"

சண்முகவடிவு தலைப்பை விலக்கிக் கையை நீட்டினாள். பேச வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. பேச்சியம்மாள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அழாத. அவன் சோறு திங்காம கெடந்தப்ப நீதான் பக்கத்துல உக்காந்து ஊட்டுனன்னு சொல்லியிருக்கான். நீ அவனக் கைவிடல. எனக்குத் தெரியும்."

அந்தச் சொல்லை மனம் நம்பிவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று சண்முகவடிவு உள்ளுக்குள் கெஞ்சியும் பட்டை பச்சையானது.

பேச்சியம்மாள் பிடியை மெல்ல விட்டாள்.

"உனக்கும் ஆறிருச்சா, தாயி?"