ஆமை கேட்ட குறி

சீன தேசத்தில் ஆமை ஓட்டுக் கோடுகளைப் பார்த்துத்தான் குறி சொல்வார்களாம். அதைக் கேட்டதிலிருந்து குளத்து ஆமைக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளமோ வற்றிக்கொண்டு வந்தது. ஆற்றுக்குப் போய்விடலாமா, மழைக்குக் காத்திருக்கலாமா? பதில் தன் முதுகிலேயே இருக்கிறது, கழுத்துதான் எட்டவில்லை!

"தவளையண்ணே, ஏறிப் பார்த்துச் சொல்லுங்களேன்!"

தவளை முதுகில் ஏறிக் கோடு கோடாகப் படித்தது. "காத்திருன்னுதான் இருக்குப்பா."

"நல்லாப் பாருங்கண்ணே! வால் பக்கத்திலேருந்து பாருங்க!"

தவளை திரும்பி உட்கார்ந்து, முதலிலிருந்து நிதானமாகப் படித்தது.

"இந்தப் பக்கமும் அதேதான். பேசாம நம்ம குளத்துலயே..." என்றபடி தலையைத் தூக்கியது. குளத்தைக் காணோம். கீழே ஆற்று மணல் மின்னியது.

"இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்கண்ணே!" என்றது ஆமை, நடையை நிறுத்தாமல்.