போர்வையை எடுக்க வந்தவள்

“இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன் சிஸ்டர். என் போர்வையைக் குடுங்க, கிளம்பறேன்” என்று டெய்லரம்மா ஒரு கேக் பெட்டியை மேசைமேல் வைத்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போகிறவள் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

அது டயாலிசிஸ் அறை. கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு, வருஷக்கணக்காக மத்தியான ஷிப்டில் வந்து மெஷினோடு கட்டுண்டு கிடந்தவள் அவள். ரத்தம் வெளியே போய்வரும்போது எடுக்கும் குளிருக்குப் போர்த்திக்கொள்ள, சொந்தப் போர்வை ஒன்றை இங்கேயே அலமாரியில் வைத்திருந்தாள்.

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “போன தடவையே நீங்க வரலை. காலைப் பாருங்கக்கா, செருப்புக்குள்ள நுழையாம வீங்கிக் கிடக்கு. இன்னும் ஒரு தடவை விட்டீங்கன்னா நுரையீரல்ல தண்ணி ஏறிடும். உயிரே போயிடும்.”

“தீர்க்கதரிசி ஐயா கை வெச்சு ஜெபிச்சுட்டார், சுகமாயிடுச்சு. இன்னைக்கு மத்தியானக் கூட்டத்துல நான் மேடையேறி சாட்சி சொல்லணும். அதான் காலையிலேயே வந்துட்டேன்.”

நர்ஸ் அவள் கணவரைப் பார்த்தாள். இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்த மனுஷர், கதவில் சாய்ந்து நின்றபடியே கண்ணயர்ந்துகொண்டிருந்தார்.

“சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சும்மா. என்னோட அவிசுவாசத்தாலதான் இவளுக்கு இத்தனை நாளா சுகம் தள்ளிப் போச்சாம். அத்தனை பேர் முன்னாடி மைக்கிலேயே சொல்லிட்டார். இனிமே நான் வாயைத் திறந்தா, இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பழி என் தலையில.”

நர்ஸின் கழுத்திலும் ஒரு சின்னச் சிலுவை தொங்கியது. “நானும் ஜெபம் பண்றவதான் அக்கா. கர்த்தரால முடியாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா இயேசு ஒரு குஷ்டரோகியைச் சுகமாக்கிட்டு என்ன பண்ணார்? போய் ஆசாரியன்கிட்ட உடம்பைக் காட்டுன்னுதானே அனுப்பினார்? அவர் குடுத்த சுகம் பரிசோதனைக்குப் பயப்படலை. ஒரே ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமே?”

“டெஸ்ட் எடுக்கறதே அவிசுவாசம்னு ஐயா சொல்லியிருக்கார்.”

“அப்படிச் சொன்னா அது யாருக்கு வசதின்னு யோசிச்சுப் பாருங்க.”

டெய்லரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அவரை முன்னேபின்னே பார்த்தது கிடையாது சிஸ்டர். எனக்குக் கிட்னின்னுகூட நான் வாய் திறக்கலை. முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். அந்தச் சட்டை மேலேயே, நீங்க ஊசி குத்தற இடத்துல கரெக்டா விரலை வெச்சு, ‘இங்கே ரத்தம் துடிக்குது மகளே’ன்னார். ‘தண்ணி குடிக்கப் பயந்து ஐஸ்கட்டியை வாயில அடக்கிக்கிட்டு அழறே’ன்னார். நான் அழறது கட்டின புருஷனுக்கே தெரியாது! தேவன் காட்டாம, ஒரு மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

நர்ஸ் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அப்படியே மென்று விழுங்கிவிட்டு, போர்வையை எடுக்க அலமாரிப் பக்கம் நடந்தாள். அதற்குள் அந்தக் கோடியில் ஒரு மெஷின் கத்த ஆரம்பிக்கவே, அங்கே ஓடினாள். பாவம், அவளுக்கும் இரண்டு கைதானே.

“சிஸ்டர்... தொண்டை வறண்டு போகுது...” என்று இந்தக் கோடியில், திரை மூடிய கடைசிப் படுக்கையிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

தண்ணீரை அளந்தே குடிக்க வேண்டியவர்களின் அந்தத் தாகம் என்னவென்று டெய்லரம்மாவுக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு போய், திரையை லேசாக விலக்கினாள்.

உள்ளே போகவில்லை. நின்றது நின்றபடி நின்றாள். பிறகு சத்தமில்லாமல் திரையை மூடிவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த படுக்கையில் உட்கார்ந்தாள். வரும்போது இருந்த சிரிப்பு போய், ஒரேயடியாகப் பத்து வயசு கூடினாற்போல் இருந்தது முகம். சட்டைக் கையை மெதுவாக மேலே மடித்துவிட்டுக்கொண்டாள்.

கணவருக்குத் தூக்கம் கலைந்தது. “என்ன பண்றே நீ?”

“சிஸ்டரை வந்து ஊசி போடச் சொல்லுங்க. களைப்பா இருக்குங்க.”

“அப்போ மத்தியானம் சாட்சி?”

“அதெல்லாம் வேண்டாம்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, கண் கலங்கிவிட்டது. நர்ஸிடம் சொல்ல ஓட்டமும் நடையுமாகப் போனார்.

போர்வையோடு நர்ஸ் வருவதற்குள், டெய்லரம்மா பையிலிருந்து தன் பிளாஸ்க்கை எடுத்துத் திறந்தாள். அதன் மூடியில் இரண்டு ஐஸ்கட்டியைப் போட்டு, திரை இடுக்கு வழியாக நீட்டினாள்.

“தீர்க்கதரிசி ஐயா, இதை வாயில அடக்கிக்குங்க.”