வெளியாருக்குத் தண்ணீர்

குடிநீர் விநியோகம் கம்பெனியின் கையிலிருந்து நகராட்சிக்கே திரும்பிவிட்டது. வீட்டார் விரல் பட்டால் மட்டுமே திறக்கும் குழாய்ப்பூட்டுகளைக் கழற்றும் வேலை மாசிலாமணிக்கு. கம்பெனி காலத்தில் அவற்றை மாட்டியதும் அவர்தான்.

சகாயமேரியின் வீட்டுக்குள் நுழைய அவருக்குக் கால் எழவில்லை. வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதியை மீறிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள் என்று அவளைக் கம்பெனியில் போட்டுக்கொடுத்து, பத்து நாள் குழாயை அடைக்க வைத்தவர் அவர்.

தலை நிமிராமல் பூட்டைக் கழற்றினார். "இனிமே யாரு தொறந்தாலும் வரும்மா."

அவள் முதல் தண்ணீரை டம்ளரில் பிடித்து அவரிடமே நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீய. குடிங்க, அண்ணாச்சி."

வாங்கியவர் பழக்கதோஷத்தில், யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் பாக்கல, அண்ணாச்சி" என்றாள் சகாயமேரி. "அன்னைக்கும் நீங்க ஒராளுதான் பாத்தீய."