நாலு பேர் சேர்ந்தால் ஒரு கூரை

'கூரையை ஒருவரே சுமக்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்தால் ஒரு கூரை. ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து பாருங்கள்' என்று, குழந்தைகள் காப்பகம் நடத்தும் டீச்சர் கடிதம் போட்டிருந்தார்.

ஹார்டுவேர் கடைக்காரர் போகாமல் இருக்கத்தான் பார்த்தார். ஆனால் பல் டாக்டர் போகிறாராம், லாரி முதலாளியம்மா போகிறாராம். போகாவிட்டால் கஞ்சன் என்ற பெயர் நிலைத்துவிடும். போய் உட்கார்ந்து, பிஸ்கட் தின்று, "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வருவதில் அவருக்கு இருபது வருட அனுபவம் உண்டு.

காப்பகத்தில் நாலு நாற்காலிகள். மூன்றில் இவர்கள் உட்கார, நாலாவதில் ஒட்ட வெட்டிய முடியோடு விறைப்பாக ஒரு புது ஆள் இருந்தார்.

டீச்சருக்குப் பேச்சு தடுமாறியது. வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் ஒழுகும் கூரையை மாற்றவில்லை என்றால் காப்பகத்தை மூடச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. மூடினால் அந்தப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சு வெச்சா போதும்..." என்றார்.

பல் டாக்டர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் பிஸ்கட்டைப் பார்த்தார். கூட்டு நன்கொடையில் இதுதான் சௌகரியம். தர்மத்தை ஆரம்பிக்கும் பொறுப்பு எப்போதும் பக்கத்து நாற்காலிக்குத்தான்.

நாலாவது ஆள் எழுந்தார்.

"இது சுத்த ஃபிராடு! கிரைம் பிராஞ்சில முப்பது வருஷம் குப்பை கொட்டினவன் நான். எத்தனை கூரையைப் பார்த்திருக்கேன்! காசு கைக்கு வர்ற வரைக்கும்தான் அது ஒழுகும்."

டீச்சரின் கண்கள் கலங்கின. கடைக்காரருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கைக்காசு செலவில்லாமல் வீடு போய்ச் சேரலாம்.

"எனக்கும் ஆரம்பத்துலேர்ந்தே டவுட்டுதான் சார்" என்றார்.

"அப்படியா? ஏணி இருக்கு, ஏறிப் பாருங்க. தகரத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

வசமாக மாட்டிக்கொண்டார். மூச்சிரைக்க ஏறி, ஒரு தகரத்தை விரலால் தட்டினார். விரல் மறுபக்கம் போய்விட்டது. துரு மூடாத ஓரத்தில் அவருடைய கடையின் முத்திரை தெரிந்தது. கீழே உத்தரவாதம் வேறு: 'எந்த மழைக்கும் அசையாது.' ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். தரையெல்லாம் வாளிகள். காய்ந்திருந்த ஒரே மூலையில் முப்பத்திரண்டு பாய்களும் நெருக்கியடித்துக் கிடந்தன. அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"கூரை பொய் இல்ல சார்" என்றார், இறங்கி வந்து.

புது ஆள் விடுவதாக இல்லை. "கூரை பொய் இல்ல. இந்தம்மா யோக்கியம்னு யார் சொன்னது? பணத்தைக் கொடுங்க, நாளைக்கே கம்பி நீட்டிடுவாங்க."

கடைக்காரருக்குச் சுர்ரென்று வந்தது. "நல்ல காரியம் பண்றவங்கள இப்படியெல்லாம் பேசாதீங்க! பணமே வேணாம். தகரம் மொத்தமும் நான் இறக்கறேன்."

"ஆள் கூலி என்னோடது!" என்றார் பல் டாக்டர், அதே வீம்பில். இரும்புச் சட்டங்களையும் அவற்றை ஏற்றி வர லாரியையும் தர முதலாளியம்மா ஒப்புக்கொண்டார்.

"இங்க வீராப்பா பேசிட்டு வெளியில போய் மறந்துடுவீங்க. கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார் புது ஆள். மூவரும் போட்டி போட்டுக்கொண்டு போட்டார்கள்.

"உங்க பங்கு என்ன சார்?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"மேற்பார்வை."

வியாழக்கிழமைக்குள் புதுக் கூரை ஏறிவிட்டது. காப்பகத்தை மூடும் பேச்சும் அதோடு அடங்கியது.

சனிக்கிழமை காலை, கடை வாசலில் நின்ற கடைக்காரரைத் தாண்டி ஒரு ஸ்கூட்டர் போனது. ஓட்டியவர் அந்தப் புது ஆள். பின்னால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு டீச்சர்.

கடைக்காரர் கல்லாவைக்கூடப் பூட்டாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "தகரத்தை எடுத்து வித்துட்டாங்களா?"

"இல்ல சார், கூரையிலதான் இருக்கு."

"அவர் உங்ககிட்ட ஏதாவது வாங்கினாரா?"

"ஒரு பிஸ்கட்கூடத் தொடல. ஆனா போலீஸ்னு சொன்னாரே சார்! ரெண்டு பேரும் கூட்டு!"

"கூட்டுதான். அவர் டீச்சரோட வீட்டுக்காரர். நாடகத்துல நடிக்கிறவர். நல்லபடியா கேட்டு இதுக்கு முன்னாடி மூணு கூட்டம் போட்டாங்க. ஒருத்தரும் கை தூக்கல. அப்புறம்தான் இந்த வேலையில இறங்கினார்."

"போலீஸ் வேஷம் போடறது குத்தம் இல்லையா? தெரிஞ்சும் பிடிக்காம உட்கார்ந்திருக்கீங்களே!"

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"புதன்கிழமை கண்டிப்பா பிடிச்சிடறோம் சார். செவ்வாய்க்கிழமை எங்க ஸ்டேஷனுக்குக் கழிவறை கட்ட நன்கொடையாளர் கூட்டம் வெச்சிருக்கோம். எங்களைத் திருட்டுப் பயலுகன்னு திட்டறதுக்கு அவரைத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கோம்."