தலைக்கு இவ்வளவு

நெல் அரவை ஆலை ஒன்றில் எலிகள் குடியிருந்தன. ஆலைக்கு வண்டிகள் வருவது நின்றுபோனதும், செவ்வந்தி என்ற சுண்டெலி தன் மூன்று குட்டிகளோடு ஆற்றைத் தாண்டிப் போய்விட நினைத்தாள். அவள் புறப்பட இருந்த அன்று காலை, எலிகளின் தலைவர் பெருச்சாளி எல்லோரையும் பலகாரத்துக்கு அழைத்து, ஆலையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்.

“இப்போது கொஞ்சம் மந்தம்தான். அடுத்த அறுவடையில் பாருங்கள், மூட்டைகள் கூரையைத் தொடும்!”

“ஐயா, மோட்டாரையே கழற்றிக் கொண்டுபோய்விட்டார்களே?” என்றாள் செவ்வந்தி.

“புதுசு மாட்டத்தானே அம்மா! சாப்பிடும்போது அபசகுனமாகப் பேசாதே.”

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கிப்போன செவ்வந்தி, ஊரோடு ஒத்து இருந்துவிடலாம் என்று தங்கிவிட்டாள்.

மோட்டார் வரவில்லை. மழையில் ஆறு பெருகி வழியை அடைத்தது. தவிடும் தீர்ந்து, அவளுடைய குட்டிகள் ஒவ்வொன்றாகப் பசியில் செத்தன.

மழை விட்டதும் பெருச்சாளி மறுபடியும் பலகாரத்துக்கு அழைத்தார். பாதிப் பேர்கூட வரவில்லை. இடுக்குகளில் சுரண்டியதில் போன தடவை அளவுக்கே நொய் தேறியது; அதைப் பங்கிட்டார்கள்.

“நல்ல செய்தி!” என்றார் அவர். “போன தடவையைவிடத் தலைக்கு இரண்டு மடங்கு கிடைத்திருக்கிறது. வளர்ந்திருக்கிறோம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். தன் முன்னால் கூடுதலாகக் கிடந்த நொய் யாருடைய பங்கு என்று செவ்வந்திக்குத் தெரிந்தது. பசி தாங்காமல் அதையும் தின்றாள்.