சுண்ணாம்புக்கு அடியில் ஒரு வரி

காலை வெயில் மூன்று பக்க ஜன்னல் வழியாக அந்தப் பழைய சுங்கச் சாவடிக்குள் விழுகிறது. சுரங்கத்து வண்டிகள் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தெரிய வேண்டும் என்று ஒரு காலத்தில் வைத்த ஜன்னல். இப்போது அங்கே தையல்காரியின் மெஷின் இருக்கிறது. சாலையை அகலப்படுத்த இந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள். வெளிச்சுவரில் சிவப்புக் குறி போட வந்த சர்வேயர், சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் எழுத்துகளைப் பார்த்துவிட்டு அப்படியே நிற்கிறார். தையல்காரி கரண்டியால் மெல்லச் சுரண்டுகிறாள், அவள் தம்பி ஈரத்துணியால் துடைக்கிறான். தாது வண்டி, குதிரை, கழுதை என்று கட்டணப் பட்டியல் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. "கழுதைக்கும் கட்டணமாம். நீ தப்பிச்சிருக்க முடியாதுடா," என்கிறாள் அக்கா. சர்வேயர் குனிந்து கடைசி வரியை வாய்விட்டுப் படிக்கிறார்: "சுரங்கத்திலிருந்து தூக்கி வரும் பிணத்துக்குக் கட்டணம் இல்லை." தம்பியின் கை நின்றுவிடுகிறது. அதற்கும் கீழே, ஆணியால் கோணல்மாணலாகக் கீறிய எழுத்துகள் தெரிகின்றன. "இது வேற கையெழுத்து. சுங்கம் வாங்கின கேட்டுக்காரன் தானா எழுதியிருப்பான் போல. இன்னும் கொஞ்சம் துடை தம்பி," என்கிறார் சர்வேயர். தம்பி துடைக்கிறான். 'கூட நடந்து வருகிறவர்களுக்கும் இல்லை.' சர்வேயர் பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டு ஃபோனை எடுத்துச் சுவரைப் படம் பிடிக்கிறார். "ஆபீஸ்ல காட்டிப் பாக்கறேன்மா. உறுதியா சொல்ல முடியாது. இன்னைக்குக் குறி போடல." தையல்காரி அந்தக் கீறலின் பள்ளத்தில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாக நகர்த்திக்கொண்டிருக்கிறாள்.